மருந்து ஏறும் நாட்களில் வரைவது எப்படி

போன வாரம் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல், கல்லூரி ஜூனியர் ஒருத்தி கூப்பிட்டாள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் எனக்கு நான்கு வருஷம் பின்னால் படித்தவள். கழுத்தில் கட்டி, பயாப்ஸி முடிவு வந்துவிட்டது, திங்கட்கிழமை முதல் கீமோ என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "அக்கா, நீங்க அப்ப எப்படி வரைஞ்சீங்க?"

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளுக்கு எழுதுவதுபோலவே எழுதுகிறேன். அதே நிலையில் இருக்கும் யாரும் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு 26 வயதில் வந்தது டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆர்-சாப் என்று சொல்லும் மருந்துகள், 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. வீடு நாச்சியார்கோவில், சிகிச்சை சென்னையில். உன் நோய் வேறாக இருந்தால் மருந்தும் நாள் கணக்கும் மாறும். மருந்து விஷயத்தில் உன் டாக்டர் சொல்வதுதான் முடிவு. நான் சொல்ல வந்தது கையைப் பற்றி.

"எல்லாம் முடியட்டும்மா, அப்புறம் உட்கார்ந்து வரையலாம்" என்று வீட்டில், ஊரில், எல்லாரும் சொன்னார்கள். நானும் சரி என்று விட்டேன். முதல் இரண்டு சுற்று, 42 நாள், கீழே சொல்லப்போகும் அளவுத் தாளைத் தவிர ஒரு கோடு போடவில்லை. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் படம் வரைய பிரஷ்ஷை எடுத்தபோது, யாரோ ஒருவருடைய கையை என் தோளில் மாட்டிவிட்டது போல இருந்தது. முடி போனதற்கு அழாதவள் அன்றைக்கு அழுதேன். அதனால் முதலில் இதை வாங்கிக்கொள்: முடியட்டும் என்று காத்திருக்காதே. மருந்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதில் உனக்கென்று வரும் நாட்களைப் பிடித்துக்கொள்.

முதல் மருந்துக்கு முன்னால்

எந்தக் கையால் வரைகிறாய் என்பதை நர்ஸிடம் சொல்லிவிடு. யாரும் கேட்க மாட்டார்கள், நீதான் சொல்ல வேண்டும். எனக்கு முதல் தடவை வலது புறங்கையில் ஊசி குத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, பயம். ஆர்-சாப்பில் சிவப்பாக ஒரு மருந்து வரும், டாக்ஸோரூபிசின். அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையைப் புண்ணாக்கிவிடும். கை எரிகிறது, வீங்குகிறது என்று தோன்றினால் அந்த நொடியே கூப்பிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கசியவில்லை. ஆனால் அடுத்த தடவை, "சிஸ்டர், நான் படம் வரையறவ, இடது கையில போடுங்க" என்று கேட்டேன். அதற்கென்ன, சொன்னால்தானே தெரியும் என்று அவர் உடனே மாற்றிக்கொண்டார். நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்த வேண்டி வந்தால், நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் கீமோ போர்ட் உனக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேள். இரண்டு கையும் உனக்கே மிஞ்சும்.

குழந்தை பெறுவது பற்றி அக்கறை இருந்தால் கருமுட்டையைச் சேமித்து வைப்பது குறித்தும் முதல் மருந்துக்கு முன்பே கேட்டுவிடு. ஆணாக இருந்தால் விந்தணு. சின்ன வயதுக்காரர்களிடம் இதைச் சொல்லச் சில இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வேலை, ஒரு அளவுத் தாள். உன் கை நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் இவற்றை வரைந்து தேதி போட்டு வை: ஸ்கேல் இல்லாமல் பத்து நேர்கோடு, ஒரு பெரிய வட்டம், மெல்லிய பிரஷ்ஷால் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று. ஒவ்வொரு மருந்துக்கும் முந்தின நாள் இதே மூன்றையும் திரும்ப வரை. எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

21 நாளைப் பிரித்துக்கொள்வது

முதல் ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. தூக்கம் வராது. காலையில் சாப்பிட்டதும் போட்டுக்கொண்டாலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். உடம்பில் தெம்பு இருக்காது, தலைக்குள் மட்டும் திருவிழா. அந்த ராத்திரிகளைச் சும்மா விடாதே. படுக்கையில் சாய்ந்து, பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, தபால் அட்டை அளவுக்கு வரை. அதற்கு மேல் பெரிசு வேண்டாம். நிறங்கள் கத்தும், கத்தட்டும். ஒன்று மட்டும் செய்யாதே: பழைய வேலைகளை எடுத்து வைத்துக்கொண்டு தரம் பார்க்காதே. நான் அப்படி ஒரு ராத்திரி, மூன்றாம் வருஷத்து வாட்டர் கலர் ஒரு கட்டைக் கிழித்துப் போட்டேன். மகாமகக் குளத்தின் பதினாறு மண்டபங்களையும் விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து வரைந்தவை. மாத்திரை நின்ற மறுநாள் அம்மா குப்பையிலிருந்து எடுத்து அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒட்டவைக்க முடிந்தது நாலுதான்.

மாத்திரை நின்றதும் ஆறாம் நாளில் விழுவோம். எட்டாம் நாள் வரைக்கும் எழுந்து உட்காருவதே வேலை. அப்போது வரையச் சொல்ல மாட்டேன். ஒரு கோடு போதும். உண்மையாகவே ஒரே ஒரு கோடு, தேதியோடு. என் நோட்டில் அப்படி ஒற்றைக் கோடு உள்ள பக்கங்கள் பதினொன்று இருக்கின்றன.

ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் இறங்கும் காலம். கவுண்ட் இறங்கிடுச்சு என்பார்கள். உடம்பு பரவாயில்லை என்று தோன்றும்போதே தொற்று வர வாய்ப்பு அதிகம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு, கிளம்பு. பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதே. இதில் மட்டும் கலைஞர், சாதாரண ஆள் என்ற பேதம் இல்லை.

பதினைந்திலிருந்து இருபது வரை உன் நாட்கள். சாப்பாடு ருசிக்கும், கை சொன்னபடி கேட்கும். உறவுக்காரர்கள் பார்க்க வருவதும் இந்த வாரத்தில்தான். பார்த்து அனுப்பு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கதவைச் சாத்திக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். வாசலிலேயே வந்தவர்களுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்த அம்மாவால்தான் எனக்கு நான்கு சுற்றில் இருபத்திரண்டு படம் கிடைத்தது.

எதைத் தொடலாம், எதை மூட்டை கட்டலாம்

ஆயில் பெயிண்ட், டர்பெண்டைன், ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வேறு அறைக்கு அனுப்பு. சார்கோலும் டிரை பேஸ்டலும் தூள் பறக்கும், வேண்டாம். களிமண்ணும் வேண்டாம், அதில் பூஞ்சை இருக்கும். லினோகட் உளி, பேப்பர் கட்டர் இரண்டும் பிளேட்லெட் இறங்கும் நாட்களுக்கு ஆகாது, சின்ன வெட்டுக்கூட நிற்காமல் கசியும். பேப்பர் வெட்ட வேண்டுமென்றால் முனை மழுங்கிய பள்ளிக்கூடக் கத்தரி. பிரஷ் கழுவிய தண்ணீரை ராத்திரி முழுக்க டம்ளரில் விட்டு வைக்காதே.

இன்னொன்று நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும் பழக்கம்: பிரஷ் முனையைக் கூராக்க உதட்டில் வைத்து இழுப்பது. கல்லூரியில் சார் பார்க்காதபோது எல்லாரும் செய்வோம். கீமோவில் வாய்ப்புண் வரும்; அந்த வாயில் நிறமியும் அழுக்குத் தண்ணீரும் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். எனக்கு இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க ஒரு மாதம் ஆனது. பிரஷ் காம்பில் வேப்பெண்ணெய் தடவி வைத்தேன், கசப்பில் விட்டது.

மீதி இருப்பவை கலர் பென்சில், வாட்டர் கலர், பால் பாயிண்ட் பேனா, ஒட்டுவதற்குக் கலர் பேப்பர். குறைச்சலாகத் தெரியலாம். ஹென்றி மத்தீஸ் 1941 ஜனவரியில், 71 வயதில், பிரான்ஸில் லியோன் நகரத்தில் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியும்தான் பெரும்பாலும். ஈஸல் முன்னால் நிற்க முடியாததால் உதவியாளர்கள் குவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரியால் வெட்டி, சுவரில் குத்தச் சொல்லி, இடம் மாற்றி மாற்றிப் படம் செய்தார். 1954இல் இறக்கும் வரை அப்படித்தான். உதவியாளர் நமக்கு இல்லை. எனக்கு அம்மா இருந்தார். சாய்ந்த அட்டையில் நான் கை காட்டிய இடத்தில் குண்டூசி குத்தினார். "இன்னும் கொஞ்சம் மேலயாடி?" என்று கேட்டுக் கேட்டு, ஆறாவது சுற்றில் அவரே, "அது அங்க நல்லா இல்ல" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பெரும்பாலும் அவர் சொன்னது சரி.

நம் வயதுக்கு நெருக்கமானவர் ஈவா ஹெஸ்ஸ. ஹாம்பர்கில் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்த சிற்பி. 1969இல் 33 வயதில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைகளுக்கு இடையிலேயே, பாதியில் நின்றிருந்த ஒரு பெரிய வேலையை உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு முடித்தார்: மெல்லிய துணியில் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பாலைப் பூசி, இரண்டு முனையையும் ஃபைபர்கிளாஸில் பதித்து, வரிசையாகத் தொங்கும் எட்டுத் திரைகள். இப்போது ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1970 மே மாதம் இறந்துபோனார். அவர் பிழைக்கவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு அப்போது தேவைப்பட்டது பிழைத்தவர்களின் கதை மட்டும் அல்ல. நடுவில் இருந்த அந்த மாதங்களில் ஒருத்தி என்ன செய்தாள் என்பது. (ஃபைபர்கிளாஸ் ரெசின் பக்கம் நீ போகாதே.)

ஆஸ்பத்திரிக்குத் தனி நோட்டு

இது நான் சூடுபட்டுக் கற்றது. மூன்றாவது மருந்துக்குப் போகும்போது எனக்குப் பிடித்த வாட்டர் கலர் பெட்டியை எடுத்துப் போனேன். ஏழு மணி நேரம் உட்கார வேண்டும், துணையாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு ஓங்கரித்து ஓங்கரித்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தாலே, அந்தப் பிசின் வாசனைக்கே, வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் திறக்கவில்லை. அவ்வளவு காலம் ஆசையோடு வைத்திருந்த பெட்டி. குமட்டல் வாசனையோடு ஒட்டிக்கொள்ளும், சாப்பாட்டுக்கு நடப்பது போலவே. அதனால் உனக்கு மிகப் பிடித்ததை அங்கே கொண்டுபோகாதே. ஒரு ரூல் போடாத நோட்டு, ஒரு பால் பாயிண்ட் பேனா, இவை ஆஸ்பத்திரிக்கு மட்டும். வீட்டில் அந்த நோட்டைத் திறக்காதே, வீட்டுப் பெட்டியை அங்கே திறக்காதே.

அங்கே என்ன வரைவது? கழற்றிப் போட்ட செருப்புகள், தூக்குவாளி, ஸ்கேன் படம் வைத்திருக்கும் நீள உறை, ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்த போர்வை. முகங்களைக் கேட்காமல் வரையாதே. எல்லாரும் அங்கே தாங்கள் பார்க்கப்பட விரும்பாத கோலத்தில்தான் இருக்கிறார்கள்.

ஒரு நாள் பக்கத்து நாற்காலி அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்தார். விழுப்புரம் பக்கம், கரும்புக் காட்டு வேலை. தலையில் துண்டு கட்டியிருந்தார். "பாப்பா, என்னை வரைவியா?" வரைகிறேன் என்றேன். "முடியோட வரைவியா? கொண்டை போட்டிருப்பேன். பெரிய கொண்டை." எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், பூ வைப்பீர்களா என்று கேட்டேன். இடது பக்கம், கனகாம்பரம் என்றார். கருப்புப் பேனாவில் கனகாம்பரத்தை எப்படிக் காட்டுவது என்று நான் திணறியதைப் பார்த்து, கீழே எழுதிவிடச் சொன்னார். எழுதினேன்: கனகாம்பரம். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மடிக்காமல் ஸ்கேன் உறைக்குள் வைத்துக்கொண்டார். அதுபோன்ற நேரங்களில் படத்தைக் கொடுத்துவிடு. போட்டோ எடுத்துப் போடாதே.

விரல் மரத்துப்போனால்

வின்கிரிஸ்டின் என்று ஒரு மருந்து அந்தத் தொகுப்பில் உண்டு. சின்ன ஊசிதான், ஐந்து பத்து நிமிஷத்தில் ஏறிவிடும். விரல் நுனி மரத்துப்போவது அதனால். எனக்கு நான்காவது சுற்றில், சட்டைப் பித்தானைப் போடும்போதுதான் தெரிந்தது. டாக்டர் வழக்கம்போல, "மரமரப்பு இருக்கா?" என்றார். "கொஞ்சம் இருக்கு டாக்டர்" என்றேன். எல்லாரும் சொல்கிற பதில்தான் அது, யாருக்கும் அதனால் எதுவும் விளங்காது. அப்போதுதான் அளவுத் தாள்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். முதல் தாளில் கோலத்தின் வளைவுகள் ஒரே இழுப்பில் போயிருக்கும். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் இரண்டு இடத்தில் கோடு தடித்திருக்கும். நான்காவதில் வளைவு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் பிரஷ் நின்று, யோசித்து, மை ஊறியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி விரல்களைத் தொட்டுச் சோதித்தார். அடுத்த சுற்றில் அந்த மருந்தின் அளவைக் குறைத்தார். குறைப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, ஒவ்வொருவருக்கும் மாறும். உன் கையில் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறையில் வேலை. நாற்பது வருஷமாகக் குத்துவிளக்குக்குச் செதுக்கு வேலை செய்கிறவர். என் பிரஷ் கீழே விழுவதை இரண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் என் பிரஷ்களைக் கேட்டார். பழைய வேட்டியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, காம்பில் சுற்றி, மேலே மெழுகு நூலால் நெருக்கமாகக் கட்டினார். உளிப் பிடி வழுக்காமல் இருக்க அவர்கள் கட்டும் கட்டு. விரலால் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையில் பிடி என்று காட்டினார். சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாலும் அதே பிடிப்புக் கிடைக்கும்.

விரலில் நுணுக்கம் போனால் முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரை. தாளைச் சுவரில் ஒட்டி, நின்றோ ஸ்டூலில் உட்கார்ந்தோ, பெரிய கோடாக இழு. இது நல்ல வாரத்துக்கான வேலை. மருந்து முடிந்த பிறகு மரமரப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். எனக்கு வலது ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. சூடான டம்ளரைத் தொடும்போது கவனமாக இரு.

வேலையும் பணமும்

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுவது என் பிழைப்பு. நோய் தெரிந்ததும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு பதிப்பகம், பாதி முடித்திருந்த புத்தகத்தை, "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தது. முடித்த பாதிக்கும் பணம் வரவில்லை. அதன் பிறகு யாரிடமும் நோயிலிருந்து பேச்சைத் தொடங்கவில்லை, தேதியிலிருந்து தொடங்கினேன். "மாதத்தில் ஒரு வாரம்தான் வேலை செய்வேன், இந்தத் தேதியில் நான்கு படம் தருவேன், பாதி முன்பணம்" என்றேன். ஒத்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். அது போதுமாக இருந்தது. காரணம் கேட்டால் சொன்னேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே பார். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கச் சலுகை. கூட வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள். உழவன் எக்ஸ்பிரஸில் நானும் அம்மாவும் அப்படித்தான் போய் வந்தோம்.

ஒன்று கேட்பார்கள்: "உன் அனுபவத்தையே வரையேன், எக்ஸிபிஷன் வைக்கலாம்." வரைய வேண்டும் என்று உனக்கே தோன்றினால் வரை. தோன்றாவிட்டால் அது ஒன்றும் கோழைத்தனம் அல்ல. அந்த இருபத்திரண்டு படத்திலும் நான் வரைந்தது காவிரிப் படித்துறை வாத்துகள். ஊசி இல்லை, மொட்டைத் தலை இல்லை. நான் உயிரோடு இருந்தது அந்த வாத்துகளோடுதான்.

ஸ்கேன் நாள்

புற்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் சிடி ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் பட்டினி. கதிரியக்கச் சர்க்கரை ஊசி போட்டுவிட்டு, மங்கலான அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைப்பார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது. அசையும் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படம் குழம்பும். வரைகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். முந்தின நாளே ஒரு பொருளைப் பதினைந்து நிமிஷம் உற்றுப் பார்த்து வைத்துக்கொள். அறையில் படுத்துக்கொண்டு அதை மனதுக்குள் வரை, மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து. நான் எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணை வரைந்தேன். தூண் உச்சியில் இருக்கும் போதிகைக்கு வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் முடிந்தபின் சில மணி நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்காராதே.

முடிவு வர எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் படம் வராது, வரவைக்கப் பார்க்காதே. மனது தேவைப்படாத வேலையாகக் கைக்குக் கொடு. தாளை நனைத்து, பலகையில் விரித்து, நான்கு ஓரமும் பசை நாடா ஒட்டிக் காய வை. காயும்போது சுருக்கமெல்லாம் தானே இழுத்துக்கொண்டு தட்டையாகும். விரலால் சுண்டினால் தப்பட்டை போலச் சத்தம் வரும். நான் பதினான்கு தாள் அப்படிச் செய்து, சுவரோரம் சாய்த்து வைத்தேன். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் அந்தத் தாள்களை ஒட்டியபோது அது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு அனுப்பு. நோட்டும் பேனாவும் நான் வாங்கி வருகிறேன்.